2024 டூரண்ட் கோப்பை: நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

பைபாஸ்வாசி:

2024 டூரண்ட் கால்பந்துக் கோப்பை என்று பேச்செடுத்தாலே எல்லாரும் இறுதி ஆட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பது நடக்காமல் போன ஆட்டம்தான். ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, கொல்கத்தாவின் பரம எதிரிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மோதவேண்டிய நாள். டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன்.

ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் கொல்லப்பட்டு பத்து நாள்கூட ஆகவில்லை. கொல்கத்தா முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டேடியத்துக்குள்ளும் கோஷம் எழும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். முந்தின நாளே, பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆளுக்கொரு புள்ளி, இரண்டு அணியும் காலிறுதிக்கு, அவ்வளவுதான்.

அப்படி விட்டுவிடுகிற ஊரா இது? 18ஆம் தேதி சாயங்காலம் ஸ்டேடியத்தை ஒட்டிய பைபாஸ் சாலைப் பக்கம் போனால், பச்சை மெரூன் ஜெர்சியும் சிவப்பு மஞ்சள் ஜெர்சியும் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களின் கறுப்பு வெள்ளை. தடையுத்தரவு போட்டிருந்தார்கள், மழை வேறு. ஒரு மோகன் பகான் பையன் தோளில் ஈஸ்ட் பெங்கால் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற படம் அடுத்த நாள் எல்லாருடைய போனிலும் வந்தது, பார்த்திருப்பீர்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். அப்புறம் தடியடி. ஓடும்போது எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "மேட்ச்சுக்குக் கொடுக்கப் போலீஸ் இல்லையாம், நம்மை அடிக்க மட்டும் எங்கிருந்து வந்தார்கள்?" என்றார். அன்று அதைக் கேட்காத ஆளே இல்லை.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இந்த இரண்டு கூட்டமும் ஒரே பக்கம் பார்த்துக் கத்தி நான் கண்டதில்லை. மற்ற ஊர்களில் இருந்தவர்கள் சொல்லுங்கள். அந்த முறை ஷில்லாங், ஜம்ஷெட்பூர், கோக்ராஜர் என்று ஆட்டங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்களே.

போலோ மேடு:

நான் அப்போது ஷில்லாங்கில், வங்கி மாற்றலில். அந்த ஊருக்கு டூரண்ட் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளூர் கிளப்பான லஜோங் ஆடும் நாளில் சீக்கிரமே கவுண்டரைச் சாத்திவிட்டால் தேவலை என்று எங்கள் மேனேஜரே சொல்வார். அவர் மேகாலயாவின் காசி (Khasi) பழங்குடி இனத்துக்காரர்.

ஆகஸ்ட் 21, காலிறுதி, ஷில்லாங் லஜோங்கும் ஈஸ்ட் பெங்காலும். நேரு ஸ்டேடியத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. அங்கே வயதில் மூத்த பெண்களைக் கோங் என்று கூப்பிட வேண்டும். மடியில் ஒரு சின்னத் துணிப்பை, அதில் குவாய். பச்சைப் பாக்கைப் பெரிய துண்டாக நறுக்கி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு கொடுப்பார்கள். நம்மூர்ச் சீவல் பழக்கத்தில் வாயில் போட்டால் மாட்டிக்கொள்வோம். காது மடல் சுடும், நெற்றியில் வேர்க்கும், ஒரு நிமிடம் தலை கிறுகிறுக்கும். அந்தக் குளிருக்கு அது சரி.

தொடக்கத்திலேயே லஜோங்குக்கு மார்க்கோஸ் கோல் போட்டுவிட்டார். அதன்பிறகு நெடுநேரம் ஈஸ்ட் பெங்கால் முட்டிக்கொண்டே இருந்தது. கடைசிக் கால் மணியை நெருங்கும்போது நந்தகுமார் சேகர் சமன் செய்தார். சென்னைப் பையன்! நான் என்னை மறந்து எழுந்து கத்திவிட்டேன். அந்த வரிசையில் எழுந்தது நான் ஒருவன்தான். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். கோங் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஃபிகோ சிண்டாய் இரண்டாவது கோலைப் போட்டார். ஸ்டேடியமே ஆடியது. பெயரே ஃபிகோ என்றால் கோல் போடாமல் என்ன செய்வார்? கோங் பையைத் திறந்து எனக்கு ஒரு குவாய் எடுத்து நீட்டினார். ஆறுதலுக்கா, கேலிக்கா தெரியவில்லை. வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அரையிறுதிதான் எனக்கு அதிகம் வலித்தது. 26ஆம் தேதி அதே மைதானத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் வந்து 3-0 என்று முடித்துவிட்டது. குவஹாத்திக்காரர்களிடம் தோற்பது ஷில்லாங்கில் லேசான விஷயம் இல்லை. இதில் வேடிக்கை, 2014இல் அந்தக் கிளப்பைத் தொடங்கியபோது ஜான் ஆபிரகாமோடு லஜோங்கும் பங்காளி. பங்காளி வந்துதான் வீட்டிலேயே அடித்துவிட்டுப் போனான்.

பைபாஸ்வாசி:

நந்தகுமார் பற்றிச் சொன்னீர்களே, 2023 டூரண்ட் லீக் சுற்றில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தவரும் அவர்தான். நாலரை வருஷம் டெர்பியில், அதாவது இந்த இரண்டு கிளப்பும் மோதும் ஆட்டத்தில், ஜெயிக்காமலே இருந்த கூட்டம். மறுநாள் எங்கள் ஆபீஸ் கேன்டீனில், நான் தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

பிஷ்டுபூர் அக்கா:

அப்பா காலத்திலிருந்தே நாங்கள் ஜம்ஷெட்பூர்தான். மோகன் பகான், பஞ்சாப் காலிறுதியை ஜேஆர்டி டாடா மைதானத்தில் பார்த்தேன். ஹவுராவிலிருந்து டாடாநகர் நாலு மணி நேரம்தானே, காலை ரயிலிலேயே ஒரு கூட்டம் கொடியோடு வந்து இறங்கிவிட்டது. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வார்த்தை இல்லை. பஞ்சாப் முந்தும், இவர்கள் பிடிப்பார்கள், இவர்கள் முந்துவார்கள், பஞ்சாப் பிடிக்கும். 3-3. அதோடு நேரே பெனால்டி. கூடுதல் நேரம் வைக்கவில்லை, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. 6-5 என்று மோகன் பகான் ஜெயித்தது கோல்கீப்பர் விஷால் கைத் புண்ணியத்தில். என் பெண் அன்றிலிருந்து கோல்கீப்பர் கிளவுஸ் கேட்டு நச்சரிக்கிறாள்.

வெலிங்டன் ஹவில்தார்:

எல்லாரும் கிளப் அணிகளையே பேசுகிறீர்கள். டூரண்ட் எங்கள் கோப்பை, பட்டாளத்துக் கோப்பை. 1888இல் சிம்லாவில் தொடங்கியது, முதல் கோப்பை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸுக்கு. 1940இல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஜெயிக்கும் வரை இந்திய அணி எதுவும் அதைத் தொட்டதில்லை. இன்றைக்கும் முப்படைகள்தான் நடத்துகின்றன. ஜெயித்தவர்களுக்கு மூன்று கோப்பை கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். டூரண்ட் கோப்பையும் சிம்லா டிராபியும் சுற்றுக் கோப்பைகள், திருப்பித் தரவேண்டும். குடியரசுத் தலைவர் கோப்பை மட்டும் ஜெயித்தவர்களுக்கே.

எத்தனை தமிழர்களுக்கு இது தெரியும் என்று பார்க்கிறேன்: நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் இந்தக் கோப்பையை இரண்டு தடவை ஜெயித்திருக்கிறது. 1955இல் விமானப்படையை 3-2, 1958இல் கூர்க்கா பிரிகேடை 2-0. நான் படையில் சேர்ந்தபோது எங்கள் பழைய சுபேதார்கள் அதை நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். மழையில் நனைந்த தோல் பந்தைத் தலையால் முட்டினால் ராத்திரி முழுக்க மண்டை வலிக்குமாம். அந்த வலியையும் பெருமையாகத்தான் சொல்வார்கள்.

2024இல் ராணுவ அணி காலிறுதி வரை வந்தது. என் மகன் அப்போது அசாம் பக்கம் பணியில் இருந்தான், கோக்ராஜர் போய்ப் பார்த்தான். நார்த்ஈஸ்டிடம் 2-0 என்று தோற்றார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வைத்திருக்கிற ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிக்கு எதிரே நம் பையன்கள் அவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதே பெரிது என்றான். எனக்கு அந்த நியாயம் ஒத்துக்கொள்ளவில்லை. நின்றதற்கு யார் கோப்பை கொடுப்பார்கள்?

கண்டீரவா மூலை:

வணக்கம் சார், அந்த 1955, 58 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

என் கதை சோகக் கதை. பெங்களூரு எஃப்சி ரசிகன் நான், வேலை விஷயமாகக் கொல்கத்தா போயிருந்த சமயம் மோகன் பகானோடு எங்கள் அரையிறுதி அமைந்தது. ஆகஸ்ட் 27. அன்றுதான் மாநிலத் தலைமைச் செயலகமான நபான்னா நோக்கி மாணவர் பேரணி. ஹவுரா பக்கம் தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப்புகை. போகாதே என்று ஓட்டல்காரர் சொன்னார், போனேன். கேலரியில் நீதி கேட்டுப் பதாகைகள், கோலுக்குக் கத்துவதற்கு முன்னாலேயே கோஷம்.

சுனில் சேத்ரி பெனால்டியில் முதல் கோல். ஜூன் மாதம் இதே மைதானத்தில்தான் அவர் இந்தியாவுக்குக் கடைசி ஆட்டம் ஆடினார். இடைவேளை முடிந்து வந்ததும் வினித் வெங்கடேஷ் இரண்டாவதைப் போட்டார். 2-0! நான் மனதுக்குள் இறுதி ஆட்டத்துக்கு லீவு கேட்டு மெயில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் மோகன் பகானுக்கு பெட்ராடோஸ் பெனால்டியில் ஒன்று, கடைசியில் அனிருத் தாப்பா தூரத்திலிருந்து விட்ட ஒரு அடி. பந்து வலையில் விழுந்த சத்தத்தை விட, எனக்குப் பின்னால் இருந்தவர் என் முதுகில் அடித்த அடிதான் ஞாபகம் இருக்கிறது. என்னைத் தன் ஆள் என்று நினைத்துக்கொண்டார், நீல ஜெர்சியை உள்ளே போட்டு மேலே சட்டை போட்டிருந்தேன். பெனால்டியில் மறுபடி அதே விஷால் கைத், இரண்டைத் தடுத்தார். 4-3. அன்று முடிவு கட்டிவிட்டேன், கோப்பை மோகன் பகானுக்குத்தான், இவர்களை யாரும் அசைக்க முடியாது என்று.

பிரம்மபுத்ரா:

அசைத்தவர்கள் நாங்கள், அண்ணா.

குவஹாத்தியில் படித்துக்கொண்டிருந்தேன். நார்த்ஈஸ்ட் யுனைடெட் 2014இலிருந்து ஆடுகிறது, அதுவரை ஒரு கோப்பை கிடையாது. ஐஎஸ்எல்லில் கடைசி இடத்திலும் இருந்து பார்த்துவிட்டோம். மோகன் பகானோடு இறுதி ஆட்டம் என்றதும் எங்கள் கூட்டம் சராய்காட் எக்ஸ்பிரஸில் கிளம்பியது. அசாமியர், மணிப்பூரி, போடோ, மிசோ, நடுவில் திருநெல்வேலிக்காரன் நான். கொல்கத்தா கேலரியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சின்ன மூலை, மற்றதெல்லாம் பச்சையும் மெரூனும்.

இடைவேளைக்கு முன்பே 0-2. கம்மிங்ஸ் பெனால்டி, அப்புறம் சஹல். எங்கள் மூலையில் பேச்சு மூச்சு இல்லை. ஒருவன் திரும்புகிற ரயிலுக்குத் தத்கால் கிடைக்குமா என்று போனில் பார்க்கத் தொடங்கிவிட்டான். இடைவேளையில் எங்கள் பயிற்சியாளர் பெனாலி என்ன சொன்னாரோ, வந்தவர்கள் வேறு ஆட்கள். 55ஆவது நிமிடத்தில் அஜாரே, 58இல் கில்லர்மோ. முதல் கோலுக்குக் கட்டிப்பிடித்தவர்கள் கையை விடுவதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. தத்கால் பார்த்தவன் போன் கீழே விழுந்து, கண்ணாடி விரிந்து, அதை எடுக்கக்கூட இல்லை.

எனக்குப் பிடித்தவர் அன்று ஜிதின். திருச்சூர்க்காரர், வலப்பக்கம் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினால் எதிரே நிற்பவருக்குக் கால் பின்னிவிடும். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது, சரியான தீர்ப்பு. ஆனால் ஊர் பேசுவது எங்கள் கோல்கீப்பர் குர்மீத் சிங்கைத்தான். 2-2, நேரே பெனால்டி. எல்லாரும் விஷால் கைத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலிறுதியும் அரையிறுதியும் அவர் ஜெயித்துக் கொடுத்ததாயிற்றே. தடுத்தது எங்கள் ஆள். லிஸ்டன் கொலாசோ அடித்ததைத் தடுத்தார், கடைசியில் சுபாஷிஷ் போஸ் அடித்ததையும். 4-3. அத்தனை பெரிய ஸ்டேடியத்தில் எங்கள் மூலையில் மட்டும் சத்தம்.

வெளியே வரும்போது பயமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு வயதான மோகன் பகான்காரர் எங்கள் கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதல் கோப்பையா? சரி, நன்றாகக் கொண்டாடுங்கள். எங்களிடம் பதினேழு இருக்கிறது" என்றார். அந்தக் கர்வம்தான் கொல்கத்தா.

பைபாஸ்வாசி:

சுபாஷிஷ் பெனால்டி விட்டதற்கு வேறு ஊராக இருந்தால் வீட்டுக்குக் கல் விழுந்திருக்கும். என் பக்கத்தில் இருந்தவர்கள் திட்டத்தான் செய்தார்கள், ஆனால் யாரோ ஒருவர் "18ஆம் தேதி மழையில் வந்து நின்றவன்டா" என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாரும் இல்லை, என் வரிசையில் இருந்தவர்கள். அப்புறம் அதே சீசனில் அவர் தலைமையில் ஐஎஸ்எல் ஷீல்டும் கோப்பையும் சேர்த்தே எடுத்தோம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி.

பிரம்மபுத்ரா:

எழுதிக்கொண்டேன் அண்ணா. ஐஎஸ்எல் உங்களுக்கே இருக்கட்டும். 2025 டூரண்டும் எங்களுக்குத்தான், உங்கள் ஊர்ப் பக்கத்து டயமண்ட் ஹார்பரை அதே சால்ட் லேக்கில் 6-1. இந்தத் தடவை தத்காலை யாரும் பார்க்கவில்லை.

வெலிங்டன் ஹவில்தார்:

ரொம்பத் துள்ளாதே தம்பி. பதினாறு, பதினேழு என்று வைத்திருக்கிறவர்கள் இருக்கும் ஊரில் இரண்டோடு நிற்கிறாய். எங்கள் சென்டருக்கும் அதே இரண்டு இருக்கிறது.