தீபாவளிப் பலகாரம் இனி வீட்டில் சுட வேண்டுமா?

மாம்பலம் வாசி:
திருக்கார்த்திகைக்கு வீடு கழுவும்போது பரண்ல இருந்து ஒரு எவர்சில்வர் டின் இறங்கிச்சு. தீபாவளி முறுக்கு, முக்கால் டின். திறந்ததும் சிக்கு வாடை. அப்படியே கொட்டினேன். வீட்ல மூணே பேர், அம்மா அஞ்சு படி அரைச்சிருக்காங்க. வந்த ஸ்வீட் பெட்டிகள் வேற. பலகாரம் சுடறதையே நிறுத்திடலாம்னு தோணுது.

காவேரிக்கரை:
தம்பி, எங்க வீட்ல கேதார கௌரி நோன்பு உண்டு. 21 அதிரசம், 21 வெத்தலை, 21 பாக்கு. அதைக் கடையில வாங்கிப் படைக்க எனக்கு மனசு வராது. உங்க முறுக்கு வீணானது சுட்டதால இல்ல, கொடுக்காததால. எங்க தெருவில விடிஞ்சதுமே தட்டு கிளம்பிடும். வந்த தட்டை வெறுமனே திருப்ப மாட்டோம், சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம்.

மாம்பலம் வாசி:
அக்கா, 21 அதிரசத்தோட எனக்குச் சண்டையே இல்ல, ரெண்டு நாள்ல தின்னுடுவோம். அதுக்கு மேல சுடறதுதான் டின்னுக்குப் போகுது. எங்க அபார்ட்மெண்ட்ல நாங்க முறுக்கு கொடுத்தா அங்கிருந்தும் முறுக்கேதான் வருது. பாதி வீட்ல சர்க்கரை நோய். இந்திய வீடுகள்ல ஆளுக்கு வருஷம் 55 கிலோ சாப்பாடு வீணாகுதுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட 2024 அறிக்கை மதிப்பிடுது. அதுல நம்ம டின்னும் சேர்த்திதானே?

கல்லா ஓரம்:
இனிப்புக் கடையில வேலை பார்க்கறவன் நான். முறுக்கை விட்டுட்டுப் பெட்டியைப் பாருங்க. உதிரி இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில எழுதி வைக்கணும், 2020 அக்டோபர் 1-லேர்ந்து விதி. ஆனா அந்தத் தேதி தட்டு மேலதான் இருக்கும். பால் இனிப்பு பெட்டிக்குள்ள போய் நாலு வீடு கைமாறினா, கடைசி வீட்டுக்காரங்களுக்கு என்ன தெரியும்?

காவேரிக்கரை:
சரியாச் சொன்னீங்க. அதிரசத்தை மொத்தமா ஒரே நாள்ல சுடணும்னு யார் சொன்னது? பாகு மாவைப் பானையில நெய் தடவி மூடி வச்சா நாள்பட இருக்கும். நோன்புக்கு 21 சுட்டுட்டு, மீதியைப் பிள்ளைங்க வரும்போது சுடுவேன். ஆனா சுடவே வேணாம்னா ஒத்துக்க மாட்டேன். வெல்லப்பாகைத் தண்ணியில விட்டு உருட்டிப் பார்க்கற பதத்தை என் மாமியார்கிட்ட நோன்பன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். கடைப் பெட்டியில அது வராது.

மாம்பலம் வாசி:
மாவை அப்படி வச்சுக்கலாம்னு எனக்குத் தெரியாது, அம்மாகிட்ட கேக்கறேன். என்னை உறுத்தறது வேற. அவங்களுக்கு 64 வயசு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் அடுப்புகிட்ட நின்னு பிழிஞ்சாங்க. நான் கொட்டினப்போ ஒண்ணும் சொல்லாம பார்த்துட்டு இருந்தாங்க.

காவேரிக்கரை:
அஞ்சு படியையும் அவங்க ஒருத்தரே பிழிஞ்சாங்களா தம்பி?

மாம்பலம் வாசி:
ஆமாக்கா. அடுத்த வருஷம் முறுக்கு பிழியற நாழியை நான் பிடிக்கறேன். ஆனா ஒரு படிக்கு மேல அரைக்க விட மாட்டேன்.

காவேரிக்கரை:
ரெண்டு படியாவது அரைக்க விடுங்க. வேலைக்கு வர்றவங்களுக்கும் வாட்ச்மேனுக்கும் அன்னைக்குக் காலையிலேயே கொடுத்துடுங்க.