பனியுந்தின் ஹேண்ட்லிங்: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

லாஸ்பேட்டை, செவ்வாய் காலை

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு சிறு கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கனடாவில் மொந்திரியாலுக்கு (மாண்ட்ரியல்) வெளியே ஒரு பட்டறை, ஸ்னோமொபைல், அதாவது உறைபனிமேல் ஓடும் மோட்டார் வண்டி, பழுது பார்க்கிற இடம். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், ஈழத்திலிருந்து போனவர்களும் நம் காரைக்கால் பிள்ளைகள் இரண்டு பேரும். பெரிய செலவில்லாமல், ஸ்பேனரும் அளவுநாடாவும் வைத்துக்கொண்டே வண்டியின் ஹேண்ட்லிங்கை (ஓட்டுகிறவர் திருப்புகிறபடி வண்டி போவதை) எப்படிச் சீராக்குவது என்பதுதான் கையேடு.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டைகள், ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் (இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது). பின்னால் சக்கரம் கிடையாது, அகலமான ரப்பர்ப் பட்டை சுற்றிச் சுற்றி வண்டியைத் தள்ளும். கட்டைகளின் மேல் போதிய எடை விழாவிட்டால், வளைவில் நீங்கள் திருப்பினாலும் வண்டி நேரே ஓடிவிடும். எடை கூடிப்போனால் கை கடுக்கும், முன்னே போன வண்டிகளின் தடத்துக்குள் கட்டை போய்ப் போய் விழும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் வேலை. பின்பட்டையின் சட்டத்தில், முன்பக்கமாக, ஒரு நைலான் வார் இருக்கிறது. அதை ஒரு துளை இறுக்கினால் முன்னால் எடை கூடும், தளர்த்தினால் குறையும். வாரைத் தொட்டால் பட்டையின் தொய்வையும் மறுபடி அளக்க வேண்டும். அப்புறம் கட்டைகளின் முன்முனைகள் பின்முனைகளைவிட 3 முதல் 6 மி.மீ. வரை அகன்றிருக்க வேண்டும்; அடியில் இருக்கும் கார்பைடு கம்பி தேய்ந்திருந்தால் வேறு எதைத் திருகியும் பயனில்லை.

இதெல்லாம் தமிழில் வந்துவிட்டது. ஹேண்ட்லிங் மட்டும் வரவில்லை. "கையாளுதலை மேம்படுத்துதல்" என்று போட்டுப் பார்த்தேன், தலைப்பே செத்துக் கிடக்கிறது. கைகொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், செவ்வாய் மாலை

அம்மா, கையாளுதல் என்பது ஓட்டுகிறவரின் செயல். நீங்கள் கேட்பது வண்டியின் பண்பு. தொழிற்பெயரைப் பண்புப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்ததால்தான் தலைப்பு செத்தது. மை விகுதி சேருங்கள், கையாண்மை கிடைக்கும். கையாள்மை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், ளகரத்தின் பின் மகரம் வந்தால் ளகரம் ணகரமாகும். ஆண்மை, மேலாண்மை எல்லாம் அந்த வழியில் வந்தவை. வள்ளுவர் 613ஆம் குறளில் தாளாண்மையையும் வேளாண்மையையும் ஒரே மூச்சில் வைக்கிறார், அங்கே வேளாண்மை உழவு அல்ல, பிறருக்கு உதவுவது. கை என்பதற்கும் ஒழுக்கம் என்று ஒரு பொருள் உண்டு, களவு கற்பு இரண்டையும் கைகோள் என்றது அதனால்தான். ஆக, கையாண்மை என்றால் கையால் ஆள்வதும் வரும், வண்டியின் ஒழுக்கமும் வரும். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஸ்னோமொபைலுக்குப் பனியுந்து. பேருந்து, மகிழுந்து போன வழிதான். பனி என்றால் மார்கழி மூடுபனிதானே என்று யாராவது கிளம்புவார்கள். "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்று புறநானூற்று ஆறாம் பாட்டு இமயத்தைச் சொல்லும்போது அது மூடுபனியா? முன்பனி, பின்பனி என்று காலத்தையே பிரித்தவர்கள் நாம். பனித்தல் என்றால் நடுங்குதலும்கூட, குளிர், நடுக்கம், நீர்த்துளி மூன்றும் ஒரு வேரில் நிற்கின்றன. அப்பர் "பனித்த சடையும்" என்றபோது நனைந்த சடையைச் சொன்னார். அந்த அப்பர் கரையேறியது எங்கள் ஊர்க் கரையில்.

கடலூர் முதுநகர், செவ்வாய் இரவு

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். கையாண்மை என்றால் எங்கள் பட்டறையில் ஒருவருக்கும் புரியாது. கையாள் என்றால் இங்கே எடுபிடி, அதுவும் ரவுடிக்கு எடுபிடி. கையாடல் என்றால் சங்கத்துப் பணத்தை எடுத்துக்கொண்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் இதை வைக்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் வண்டி பார்க்கிறேன், போட் இன்ஜினும் பார்க்கிறேன். ஹேண்ட்லிங் கெட்ட வண்டியைக் கொண்டுவருகிறவர் சொல்வது இரண்டே இரண்டு: "வண்டி கேக்க மாட்டேங்குது", இல்லை "ஒரு பக்கமா இழுக்குது". கேட்பதுதான் சொல். மாடு கேட்கும், பிரேக் கேட்கும், மருந்துகூட உடம்புக்குக் கேட்கும். தேவனாம்பட்டினத்தில் போய் நில்லுங்கள், அணியத்தில், அதாவது முன்பகுதியில், கனம் போதாத படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும், காற்று முன்பக்கத்தை அடித்துத் தள்ளும், சுக்கான் கேட்கவில்லை என்பார்கள். அக்கா, "வண்டி சொன்னபடி கேட்க" என்று தலைப்பு வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

நெய்வேலி, புதன் காலை

தலைப்புக்கு அது சரி. ஆனால் கையேட்டில் ஹேண்ட்லிங் எத்தனை இடத்தில் வரும்? ஒவ்வொரு இடத்திலும் வாக்கியமா எழுதுவது? பெயர்ச்சொல்லாக்கி "கேட்பு" என்றால் அது அலுவலகத்துச் சொல், வங்கியில் கேட்பு வரைவோலை இருக்கிறது, வரிக் கேட்பு இருக்கிறது. கேண்மை என்றால் நட்பு. அந்த வழி அடைபட்டது.

இன்னொன்று, சுருள்வில்லுக்கு முன்கூட்டியே கொடுக்கிற இறுக்கத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நான் முன்சுமை என்றுதான் எழுதுவேன்.

புதுச்சேரி, டூமா வீதி, புதன் மதியம்

மொந்திரியால் என்றால் பிரெஞ்சுப் பதிப்பும் கூடவே இருக்குமே அம்மா, அதைப் பார்த்தீர்களா? ஹேண்ட்லிங் என்கிற இடத்தில் பிரெஞ்சுக்காரர் இரண்டு சொல் வைத்திருப்பார். ஒன்று தெனூ த ரூத், பாதையைப் பிடித்திருப்பது. மற்றது மனியாபிலித்தே, கைக்கு வசப்படுவது. இரண்டும் வேறு. பாதையை இறுகப் பிடிக்கிற வண்டி திரும்ப அடம்பிடிக்கலாம், சட்டென்று திரும்புகிற வண்டி வழுக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே மூட்டையாகக் கட்டியதை நாமும் ஏன் ஒரே மூட்டையாகச் சுமக்க வேண்டும்? பிடிமானம், திருப்பம் என்று பிரித்துவிடுங்கள். இரண்டுமே வீட்டில் புழங்குகிற சொல்.

வண்டியின் பெயரும் அங்கே மோத்தோநேஜ், மோட்டாரும் பனியும் ஒட்டியது, நம் பனியுந்து அப்படியே பொருந்துகிறது. இந்த வண்டியின் கதையைப் படித்தால் மனம் கனக்கும். கனடாவின் கெபெக் மாகாணத்தில் வால்கூர் என்கிற ஊர், ஜோசப் அர்மான் பொம்பார்தியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய சிறு மகனுக்கு உடம்பு முடியாமல் போனது, பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, பிள்ளை இறந்துவிட்டது. 1937இல் அவர் பட்டையால் ஓடும் பனிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பார்க்கிற சிறிய வண்டி 1959இல் வந்தது. அதற்கு அவர் ஸ்கி-டாக் என்று பெயர் வைக்க நினைத்தார், நாய் இழுக்கிற வண்டிக்குப் பதிலாக வந்ததால். அச்சில் எழுத்து மாறி ஸ்கி-டூ ஆனது என்று ஒரு கதை உண்டு. கலைச்சொல் தேடுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம், பிழையாக வந்த பெயர்தான் நிலைத்திருக்கிறது.

பண்ருட்டி, புதன் இரவு

எல்லோரும் தலைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த நைலான் வார்தான் மனதில் நிற்கிறது, ஏனென்றால் அந்த வேலையை நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பா பலாப்பழ வண்டி ஓட்டியவர். ஏற்றி முடித்ததும் உடனே மாட்டைப் பூட்ட மாட்டார். நுகத்தடியை இரண்டு கையாலும் தூக்கி, மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். கையில் எவ்வளவு கனம் தங்குகிறது என்பதுதான் கணக்கு. கனம் அதிகமென்றால் "முன்பாரம்டா" என்பார், நாங்கள் பழத்தைப் பின்னே நகர்த்துவோம். நுகத்தடி தானாக மேலே எழும்பினால் பின்பாரம், அப்படியே ஓட்டினால் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், அப்போது ஒரு பழத்தை அச்சுக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைப்பார். பழம் பத்துப் பன்னிரண்டு கிலோதான் இருக்கும், ஒரு முழம் நகர்ந்தாலே அவர் கைக்குத் தெரியும். மொத்தச் சுமை மாறுவதில்லை, அது உட்காருகிற இடம்தான் மாறுகிறது.

அம்மா எழுதியிருப்பதும் அதேதான். வாரை ஒரு துளை இறுக்கினால் முன்பாரம் கூடும், தளர்த்தினால் பின்பாரம். கட்டையின் மேல் விழும் எடைக்கு இதைவிட்டு வேறு சொல் தேடிப் போக வேண்டாம் என்பது என் விண்ணப்பம்.

லாஸ்பேட்டை, வியாழன் காலை

பண்ருட்டி ஐயா, முன்பாரத்தை எடுத்துக்கொண்டேன், இருபது இடத்தில் வாக்கியம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நெய்வேலி அண்ணனின் முன்சுமை இப்போது இடிக்கிறது. முன்பாரத்தில் முன் என்பது இடம், முன்சுமையில் முன் என்பது காலம். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வெறும் குழப்பம் என்றால்கூட விட்டுவிடலாம். பட்டைக்குள் முன்பக்கம் இருக்கும் சுருள்வில்லை இறுக்கினால் அது பட்டையைக் கீழே அழுத்தி, வண்டியின் முன்பகுதியைத் தூக்கிவிடும், கட்டையின் மேல் எடை குறையும். அதாவது முன்சுமையைக் கூட்டினால் முன்பாரம் குறைகிறது! பட்டறையில் ஒருவர் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் வண்டி வளைவில் நேரே போய்விடும், அங்கே வளைவுக்கு அப்புறம் மரங்கள்.

நெய்வேலி, வியாழன் மதியம்

நான் எழுதும் பாடக்குறிப்புகளில் எல்லாம் முன்சுமை என்றே போட்டிருக்கிறேன். ஒரு கையேட்டுக்காக மாற்றினால் மாணவர்கள் இரண்டு சொல்லோடு திண்டாடுவார்கள். ஆனாலும் நீங்கள் சொல்கிற ஆபத்து உண்மை. இந்தக் கையேட்டுக்கு மட்டும் வேறு போடுங்கள்.

கடலூர் முதுநகர், வியாழன் மதியம்

ஸ்பிரிங் டைட்டு என்போம். தமிழில்தான் வேண்டுமென்றால் வில் இறுக்கம்.

திருப்பாதிரிப்புலியூர், வியாழன் மாலை

வில்லிறுக்கம் என்று சேர்த்து எழுதுங்கள், தனிக்குறிலின் பின் லகரம் இரட்டிக்கும். நல்ல சொல். முன்பாரமும் நல்ல சொல்தான், பாரம் வடசொல்லா தமிழா என்று இன்றைக்கு நான் கிளறப் போவதில்லை, நுகத்தடி தூக்கிய கை அதைச் சொல்லியிருக்கிறது.

லாஸ்பேட்டை, வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். தலைப்பு "பனியுந்து சொன்னபடி கேட்க". உள்ளே பிடிமானம், திருப்பம், முன்பாரம், வில்லிறுக்கம். முன்முனை அகன்றிருப்பதற்கு முன்விரிவு. தடத்துக்குள் கட்டை இழுபடுவதற்குத் தடமிழுப்பு, அது நானே போட்டது, நேரமில்லாததால் கேட்கவில்லை. ஹேண்ட்லிங் என்கிற மொத்தச் சொல் இல்லாமலே முழுக் கையேடும் ஓடிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

திருப்பாதிரிப்புலியூர், வெள்ளி இரவு

அம்மா, ஓடிவிட்டது என்பதால் தேவையில்லை என்று ஆகாது. நாளைக்கு இரண்டு வண்டியை ஒப்பிட்டு ஒருவர் அட்டவணை போடுவார், எடை, விலை, வேகம் என்று வரிசையாக வரும், அடுத்த கட்டத்தில் "சொன்னபடி கேட்க" என்று எழுத முடியாது. அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும், அது கையாண்மை என்பதில் நான் மாறவில்லை. குழுவின் குறிப்பில் என் மறுப்பைப் பதிவு செய்துவிடுங்கள்.

சறுக்குக்கட்டையும் எனக்கு உறுத்துகிறது. கட்டை என்றால் மரம், இப்போது வருவது பிளாஸ்டிக் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொள்வோம்.