பாசிக்குடாவில் நின்ற பாய்ப்படகு: குடா யாருடையது?

கல்லடிக்காரன்
சென்ற வெள்ளிக்கிழமை, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நம் பாசிக்குடாவில் வெளிநாட்டுக் கொடி கட்டிய பாய்ப்படகு ஒன்று இரவு முழுவதும் நங்கூரமிட்டு நின்றது. "குடாவுக்குள் வந்தால் அது எங்கள் வீட்டு முற்றம். கேட்காமல் எவனும் வர முடியாது" என்று கரையில் நின்ற என் மைத்துனர் சத்தம் போட்டார். சட்டமும் அவர் பக்கம்தான் என்பது என் கட்சி. 1982ஆம் ஆண்டின் கடல் சட்டச் சமவாயம், 10ஆம் உறுப்புரை: ஒரே நாட்டின் கரை சூழ்ந்த குடாவின் வாய் 24 கடல்மைலுக்கு மேற்படாவிட்டால் அதைக் கோடு போட்டு மூடிவிடலாம். கோட்டுக்கு உள்ளே இருப்பது உள்நாட்டு நீர், நம்முடைய வாவியைப் போல. 24 கடல்மைல் என்றால் 44 கிலோமீட்டருக்கும் மேல். பாசிக்குடாவின் வாய் அதில் ஒரு மூலைக்கும் வராது. விவாதம் முடிந்தது.

ஓய்வுபெற்ற அளவையாளன்
தம்பி, உறுப்புரையில் பாதியைத்தான் வாசித்திருக்கிறீர்கள். 24 கடல்மைல் இரண்டாவது சோதனை. முதலாவது அரைவட்டச் சோதனை. குடாவின் இரு முனைகளையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். அதையே விட்டமாக வைத்துக் கவராயத்தால் அரைவட்டம் வரையுங்கள். குடாவுக்குள் இருக்கும் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்தின் பரப்புக்குக் குறையாமல் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது குடா. வாய் 2 கிலோமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், உள்ளே ஏறத்தாழ 1.57 சதுர கிலோமீட்டர் நீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கரையின் வெறும் வளைவு. பெயரில் குடா இருக்கிறது என்பது ஒரு நியாயமா? வங்காள விரிகுடாவின் பெயரிலும்தான் இருக்கிறது.

வாழைச்சேனை வலைக்காரன்
ஐயா, கவராயத்தை வைத்துக் கடலை அளக்கிறவர்கள் கடலில் இறங்கியதில்லை. என் பாட்டனார் காலத்திலிருந்து இந்தக் கரையில் கரைவலை இழுக்கிறோம். எந்தப் பாடு (வலை இழுக்கும் இடம்) யாருடையது, எந்த நாள் யாருடைய முறை என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அதே 10ஆம் உறுப்புரையின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: வரலாற்றுக் குடாக்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. எங்கள் வழக்கம் வரலாறு இல்லையா?

பொத்துவில் பிள்ளை
அண்ணன், வழக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாற்று உரிமை என்பது கரைவலைக்காரர் கோருவது அல்ல, அரசு கோருவது. அரசு அந்த நீரில் வெளிப்படையாக, நெடுங்காலம், தொடர்ந்து அதிகாரம் செலுத்தியிருக்க வேண்டும். மற்ற நாடுகளும் அதை ஏற்றுப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். பாசிக்குடாவுக்காக எந்த அரசு எப்போது அப்படிச் செய்தது? சொல்லிவிட்டால் போதும் என்றால் லிபியா 1973இல் சித்ரா வளைகுடாவுக்குக் குறுக்கே கோடு போட்டதே, அதையும் ஏற்க வேண்டியதுதான். ஏறக்குறைய 300 கடல்மைல் அகல வாய்! அமெரிக்கா அதை ஏற்கவில்லை. 1981இல் அங்கே இரண்டு லிபியப் போர் விமானங்கள் விழுந்தன. எங்கள் அறுகம் குடாவைக்கூட நான் இப்படிக் கோரமாட்டேன்.

வாழைச்சேனை வலைக்காரன்
தங்கச்சி, லிபியாவைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். நான் நார்வேயைக் காட்டுகிறேன். 1951இல் பிரித்தானியாவுக்கும் நார்வேக்கும் நடந்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம், ஒரு பகுதி மக்களின் நீண்டகால வழக்கத்தால் நிலைபெற்ற பொருளாதார நலன்களையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. லோப்பாவெட் என்ற இடத்தில் 44 மைல் கோட்டையே ஏற்றுக்கொண்டது. மீனவனின் வலை அங்கே சாட்சி, இங்கே மட்டும் சாட்சி இல்லையா?

பொத்துவில் பிள்ளை
அந்த லோப்பாவெட்டில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனியாள் ஒருவருக்கு மன்னர் தனி மீன்பிடி உரிமை கொடுத்திருந்தார். அதாவது அங்கேயும் அரசின் முத்திரை இருக்கிறது. வலை மட்டும் அல்ல. தவிர, அந்த வழக்கு தீவுகளும் நுழைகடல்களுமாகச் சிதைந்த கரையைப் பற்றியது. நம்முடைய கரை வாகரையிலிருந்து பொத்துவில் வரை பெரும்பாலும் நேராகக் கிடக்கிறது.

கல்லடிக்காரன்
நான் பாசிக்குடாவைக் கேட்டேன், நீங்கள் நார்வேக்குப் போய்விட்டீர்கள். நம் நாட்டிலேயே வரலாற்று நீர் இருக்கிறதே? பாக்கு விரிகுடா.

பொத்துவில் பிள்ளை
சரியான உதாரணம், ஆனால் அது உங்களுக்கு எதிரானது. 1904இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சங்குத் திருட்டு வழக்கு ஒன்று வந்தது. பாக்கு விரிகுடாவை இரு கரை மக்களும் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள், சுற்றுக்கரையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒரே மன்னரின், அதாவது பிரித்தானிய மன்னரின், ஆட்சியில் இருக்கிறது என்று நீதிமன்றம் பார்த்தது. அங்கேயும் வெறும் வழக்கம் மட்டும் அல்ல, அந்தச் சங்குப் படுகைகளுக்கும் குத்தகை இருந்தது. பிறகு இந்தியா, இலங்கை என்று இரண்டு நாடுகளாகிவிட்டோம். 10ஆம் உறுப்புரை ஒரே நாட்டின் குடாக்களுக்கு மட்டும்தான், ஆகவே 1974இல் ஒப்பந்தத்தால் எல்லை பிரித்தார்கள். மத்திய அமெரிக்காவின் பொன்சேகா வளைகுடாவும் இப்படித்தான், ஸ்பெயினின் ஆட்சியில் ஒன்றாக இருந்து மூன்று நாடுகளுக்கு வந்தது. ஆனால் அங்கே சர்வதேச நீதிமன்றம் 1992இல், கரையோரப் பட்டிகள் நீங்கலாக, உள்ளே உள்ள நீர் மூவருக்கும் கூட்டு உரிமை என்றது. வரலாறு என்பதற்கு ஒரே விடை இல்லை.

ஓய்வுபெற்ற அளவையாளன்
எல்லோரும் படகை மறந்துவிட்டீர்கள். பாசிக்குடா சட்டக் குடா இல்லையென்றே வைப்போம். அப்போதும் அது ஆட்புலக் கடலுக்குள், அதாவது கரையோரமாக நாட்டுக்குச் சொந்தமான 12 கடல்மைல் கடலுக்குள், இருக்கிறது, இறைமை நம்முடையதுதான். வேறுபாடு ஒன்றே: ஆட்புலக் கடலில் அந்நியக் கப்பலுக்குத் தீங்கற்ற கடப்பு உரிமை உண்டு, உள்நாட்டு நீரில் பொதுவாக இல்லை. கடப்பு என்றால் நில்லாமல் விரைந்து போவது. நங்கூரமிடுவதென்றால் வழக்கமான பயணத்தின் பகுதியாகவோ ஆபத்தின் காரணமாகவோ இருக்க வேண்டும். குளிக்கவும் நிலவு பார்க்கவும் ஓர் இரவு நிற்பது கடப்பு ஆகாது. ஆகவே கல்லடித் தம்பியின் மைத்துனர் சொன்ன காரணம் தவறானாலும், கேள்வி கேட்டது சரி. கேட்க வேண்டியவர்கள் கடற்படையும் சுங்கமும், அவர் அல்ல.

வாழைச்சேனை வலைக்காரன்
அப்படியென்றால் வலை போட்டால்?

ஓய்வுபெற்ற அளவையாளன்
அந்நியக் கப்பல் ஆட்புலக் கடலில் மீன் பிடித்தால் அந்தக் கணமே தீங்கற்றது என்ற பெயர் போய்விடும். உங்கள் மீனைக் காக்கக் குடா தேவையில்லை, வரலாறும் தேவையில்லை. 19ஆம் உறுப்புரையே போதும். இன்னொன்று, அரைவட்டத்துக்கான நீர்ப்பரப்பைத் தாழ்நீர்க் கோட்டிலிருந்துதான், அதாவது கடல் வற்றி நிற்கும்போதுள்ள கரைக்கோட்டிலிருந்துதான், அளக்க வேண்டும். பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம் என்பதற்காக அது நிலம் என்று எழுதிவிடாதீர்கள். வரைபடத்தை எடுத்துவைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அளந்து போடுகிறேன்.

கல்லடிக்காரன்
நன்றி ஐயா. இதையெல்லாம் மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிறகுதான் சொல்கிறார்: இயந்திரம் பழுது, குடிநீரும் தீர்ந்துவிட்டது என்று படகுக்காரர் கரைக்கு வந்தாராம். இரண்டு கலன்களை நிரப்பிக் கொடுத்தது இவர்தானாம்.