ஸ்ட்ரீமிங் பாக்ஸை ரிசீவரில் செருகுவதா, டிவியில் செருகுவதா?

பின்சுவர்:
என்னிடம் 5.1 ஸ்பீக்கர் செட்டும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), அவற்றை இயக்கும் சில வருடப் பழைய ரிசீவரும் இருக்கின்றன. புதிய 4கே ஸ்ட்ரீமிங் பாக்ஸை டிவியில் செருகியிருக்கிறேன். டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு ஒலி போகிறது. ரிசீவர் முகப்பில் ‘டால்பி சரவுண்ட்’ என்று வருகிறது, ஆனால் பின் ஸ்பீக்கர்களில் மங்கலாக ஏதோ கேட்கிறதே தவிர, ஒலி பிரிந்து வரவில்லை. பாக்ஸை நேராக ரிசீவரில் செருகினால் சரியாகுமா?

தெளிவொலி:
சரியாகும். முகப்பில் ‘டால்பி சரவுண்ட்’ என்று மட்டும் வந்தால், உள்ளே வருவது பெரும்பாலும் ஸ்டீரியோதான். ரிசீவர்தான் அதை ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்பிக் கொடுக்கிறது. நிஜமான 5.1 வந்தால் ‘டால்பி டிஜிட்டல்’, ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’, ‘மல்டி சானல்’ என்று ஏதாவது ஒன்று காட்டும். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நிறையப் பேர் ஸ்டீரியோவையே சரவுண்ட் என்று நம்பிக் கேட்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காரணம் இதுதான். சில பாக்ஸ்கள் டால்பியைத் தாங்களே பிரித்து மல்டி சானல் பிசிஎம்மாக, அதாவது சுருக்கப்படாத ஒலியாக, அனுப்பும். ஆப்பிள் டிவி 4கே வழக்கமாக அப்படித்தான் செய்கிறது. ஏஆர்சியில் பிசிஎம் என்றால் இரண்டு சானல்தான் போகும், மீதி தனியாகப் போகாது. நேராக ரிசீவரில் செருகினால் இந்தத் தொல்லையே இல்லை.

மின்னல்வரி:
நண்பரே, ஒலியை மட்டும் பார்த்துச் சொல்கிறீர்கள். பழைய ரிசீவர் வழியாகப் படம் போனால் என்ன ஆகும்? எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இல்லாத ரிசீவரில் பாதுகாக்கப்பட்ட 4கே படம் கிடைக்காது. 4கே படத்தைக் கடத்தினாலும், டால்பி விஷன் என்ற எச்டிஆர் (உயர் ஒளி வீச்சு) பட வடிவத்தைக் கடத்தாத ரிசீவர்கள் ஏராளம். பாக்ஸ் டிவியிலேயே இருக்கட்டும். டிவியின் ஒலி அமைப்பில் ‘பாஸ் த்ரூ’ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வைக்கவும், பாக்ஸில் ஒலி வடிவத்தை டால்பி டிஜிட்டல் 5.1 என்று மாற்றவும். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ்கூட (மேலிருந்தும் ஒலி தரும் டால்பி வடிவம்) டால்பி டிஜிட்டல் பிளஸில் ஏறித்தான் வருகிறது, ஏஆர்சி அதையும் தாங்கும். ப்ளூ-ரேயில் வரும் ட்ரூ எச்டி என்ற இழப்பில்லாத டால்பி ஒலிக்குத்தான் இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) கட்டாயம்.

தெளிவொலி:
தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் மாற்றத்தைச் செய்தால், ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியைப் பாக்ஸ் பிரித்து, மறுபடியும் 640 கேபிபிஎஸ்ஸுக்குள் சுருக்கி அனுப்பும். அட்மாஸும் அதோடு போய்விடும். இன்னொன்று, எச்டிஎம்ஐயில் செருகிய கருவியின் 5.1 ஒலியை ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும் டிவிகள் இருக்கின்றன. அங்கே எந்த அமைப்பை மாற்றியும் பயன் இல்லை.

ஒளிநார்:
எதற்கு இவ்வளவு? ஆப்டிகல் வயர் போட்டால் 5.1 வந்துவிடுமே.

மின்னல்வரி:
ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் போகும், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. ரிசீவரில் எச்டிஎம்ஐயே இல்லை என்றால் மட்டும் அந்த வழி.

தெளிவொலிக்கு இன்னொரு கேள்வி. செய்தி பார்க்கக்கூட ரிசீவரை ஓட்டவேண்டுமா? வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஒரே ரிமோட்டில் டிவியைப் போட்டுப் பார்க்க வேண்டாமா? எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் இயக்கத் தெரிந்த அமைப்பை நல்ல அமைப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

தெளிவொலி:
நியாயமான கேள்வி. நிறைய ரிசீவர்களில் ‘ஸ்டாண்ட்பை த்ரூ’ என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் ரிசீவர் உறக்கத்தில் இருந்தாலும் படமும் ஒலியும் டிவிக்குப் போகும். அப்புறம், ரிசீவரின் வெளியீட்டிலிருந்து டிவியின் ஏஆர்சி துளைக்குப் போகும் அதே வயரில் டிவி ஆப்களின் ஒலி திரும்பி வரும். தனி வயர் தேவையில்லை.

பின்சுவர் அவர்களே, உங்கள் டிவியில் டால்பி விஷன் இருக்கிறதா? டால்பி விஷன் பற்றி மின்னல்வரி சொல்லும் காரணம் அதைப் பொறுத்துத்தான் நிற்கும்.

பின்சுவர்:
இல்லை, எச்டிஆர்10 என்ற அடிப்படை எச்டிஆர் மட்டும்தான். ரிசீவர் கையேட்டில் எச்டிசிபி 2.2, எச்டிஆர்10 இரண்டும் இருக்கின்றன. ஸ்டாண்ட்பை த்ரூவும் இருக்கிறது. இப்போது பாக்ஸை ரிசீவருக்கு மாற்றிவிட்டேன். முகப்பில் ‘மல்டி சானல்’ வருகிறது, பின் ஸ்பீக்கரில் மழைச் சத்தம் தனியாகக் கேட்கிறது! ஆனால் படம் எச்டிஆரில் வரவில்லை, நிறம் வெளிறித் தெரிகிறது.

மின்னல்வரி:
ரிசீவரின் எச்டிஎம்ஐ அமைப்பில் சிக்னல் வடிவம் ‘ஸ்டாண்டர்ட்’ என்று இருக்கும். ‘என்ஹான்ஸ்ட்’ ஆக மாற்றவும். டிவியில் அந்தத் துளைக்கும் அதே மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், அதையும் மாற்றவும். உங்கள் கருவிகளுக்கு நேர் இணைப்பே சரி. டால்பி விஷன் டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் மாறாது.

தெளிவொலி:
அவர்களிடமும் ரிசீவரைத்தான் மாற்றச் சொல்வேன், ஒலியை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். பின்சுவர், படம் சரியானதும் பின் ஸ்பீக்கர்களின் இடத்தைப் பாருங்கள். 5.1க்கு அவை உங்களுக்கு நேர் பின்னால் வேண்டாம். பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, முன்னோக்கி அமர்ந்த நிலையிலிருந்து 110 டிகிரி வாக்கில் வையுங்கள்.