ஜாஸில் பாடகிகளைத் தாண்டி யாரைக் கேட்பது?

இரவுவானொலி:
ஏழெட்டு வருடமாக ஜாஸ் கேட்கிறேன். போன வாரம் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் என்ற ஐவர் குழுவின் பதிவுகளைத் திரும்பப் போட்டபோதுதான் யார் யார் வாசித்தது என்று ஒழுங்காகப் படித்தேன். பியானோவில் லில் ஹார்டின் என்று ஒரு பெண். இத்தனை தடவை கேட்டும் அந்தப் பெயர் என் கண்ணில் படவே இல்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னால், "அது அவர் மனைவி, அதனால் சேர்த்துக்கொண்டிருப்பார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லோருமே பாடகிகள்தான், பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான். வாத்தியம் வாசித்தவர்கள், இசை எழுதியவர்கள் யார்? பெயர்கள் மட்டும் போதாது, எதைக் கவனித்துக் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

பழைய இசைத்தட்டு:
உங்கள் நண்பர் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். 1922இல் ஆம்ஸ்ட்ராங் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு வந்து கிங் ஆலிவரின் பேண்டில் இரண்டாவது கார்னெட்டாக (டிரம்பெட் போன்ற சிறிய ஊதுவாத்தியம்) சேர்ந்தபோது, லில் அந்த ஊரில் ஏற்கெனவே பெயரெடுத்த பியானோக்காரர், ஆலிவரிடமும் முன்பே வாசித்தவர். 1924இல் கல்யாணம். ஆலிவரின் நிழலிலேயே இருந்தால் உருப்பட முடியாது, வெளியே வா என்று விடாமல் சொன்னது லில்தான், அதே வருடம் ஆம்ஸ்ட்ராங் நியூயார்க் போனார். 1925இல் சிகாகோ திரும்பி எதில் வாசித்தார் தெரியுமா, லில் நடத்திய பேண்டில். ஹாட் ஃபைவின் முதல் பதிவும் அந்த நவம்பரில்தான். அதாவது அப்போது கணவர்தான் மனைவியின் பேண்டில் இருந்தார்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹாட் ஃபைவில் டிரம்ஸ் கிடையாது, பாஸும் கிடையாது. பியானோவும் பான்ஜோவும் சேர்ந்துதான் தாளத்தைத் தூக்கி நிறுத்துகின்றன, அதன் மேல் நின்றுகொண்டுதான் கார்னெட் அவ்வளவு சுதந்திரமாகப் பறக்கிறது. லில் பெரிய சோலோ வாசிக்கும் ஆள் இல்லை, அவர் வேலை வேறு. 1971இல், ஆம்ஸ்ட்ராங் இறந்த அடுத்த மாதம், அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே லில்லின் உயிர் போனது.

பித்தளைக்காரன்:
வாசித்தவர்களைத் தேடுவது சரி, எழுதியவர்களை இன்னும் ஆழமாகத் தேடுங்கள். அரேஞ்ச்மென்ட், அதாவது ஒரு பாட்டில் எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறவர் மேடையில் தெரியவே மாட்டார், பேண்டுத் தலைவர் பெயர்தான் தட்டின் மேல் இருக்கும். பெண்களின் பங்கு நிறைய அங்கேதான் புதைந்து கிடக்கிறது.

மேரி லூ வில்லியம்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். ஆண்டி கர்க் பேண்டின் பியானோவும் அவர்தான், அரேஞ்சரும் அவர்தான். 1936இல் அந்த பேண்டுக்கு அவர் எழுதிய 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' மூன்று நிமிடம்கூட ஓடாது. அதில் சாக்ஸபோன்கள் கூட்டாக வாசிக்கும் இடத்தில் ஒரு டிரம்பெட்டையும் அவற்றோடு கோத்துவிட்டிருக்கிறார், அதனால் அந்தக் கூட்டுக்கு ஒரு மினுமினுப்பு வந்துவிடுகிறது, எது டிரம்பெட் எது சாக்ஸ் என்று முதல் தடவை பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, பியானோக்காரர் தெலோனியஸ் மாங்கின் 'ரிதம்-அ-னிங்' கேட்டிருப்பீர்கள் அல்லவா, அதன் ஒரு முக்கியமான சொற்றொடர் இந்தப் பாட்டில் அப்படியே வருகிறது, இருபது வருடம் முன்னாலேயே. மாங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லோரும் ஹார்லெமில் மேரி லூ வீட்டுக்கு வந்து போனவர்கள், எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டியவர்கள். பெபாப் என்ற வேகமான புது ஜாஸ் பாணி பிறந்த இடம் என்று மின்டன்ஸ் கிளப்பைச் சொல்வார்கள், அந்த வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் மெல்பா லிஸ்டன், டிராம்போன். நான் டிராம்போன் கையில் எடுத்ததற்கே அவர்தான் காரணம். கில்லெஸ்பி 1956இல் அமெரிக்க அரசு அனுப்பிய வெளிநாட்டுப் பயணத்துக்கு அவரைக் கூப்பிட்டார். ஒரு பெண்ணை எதற்கு இவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்தார் என்று பேண்டுக்குள் முணுமுணுப்பு. மெல்பா கொண்டுவந்த அரேஞ்ச்மென்ட்களை எடுத்து வைத்து வாசிக்கச் சொன்னதும் ஆட்கள் திணறிப்போனார்கள், அதோடு பேச்சு நின்றது. பியானோக்காரர் ராண்டி வெஸ்டனின் 'உஹுரு ஆஃப்ரிக்கா' தட்டுக்கு அரேஞ்ச்மென்ட் முழுக்க இவர்தான். தன் பெயரில் பதிவு செய்த தட்டு ஒன்றே ஒன்று, 1958இல், சுற்றிலும் டிராம்போன்களாகவே சேர்த்துக்கொண்டு.

நடுத்தாளம்:
எல்லாம் சரி, தலைப்பில் அந்தத் 'தாண்டி' மட்டும் எனக்கு உறுத்துகிறது. பாடகிகளும் இசைக்கலைஞர்கள்தான். பில்லி ஹாலிடே வரியைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளிப் பாடுவதை லெஸ்டர் யங்கின் சாக்ஸோடு சேர்த்துக் கேளுங்கள், ஒரே ஆள் இரண்டு வாத்தியம் வாசிப்பது போல இருக்கும். பெட்டி கார்ட்டர் இன்னும் ஒரு படி மேலே, சொந்தமாக இசைத்தட்டு லேபிள் நடத்தினார், அவருடைய மூவர் குழுவில் வாசித்து வளர்ந்த பியானோக்காரர்கள் எத்தனை பேர், ஜான் ஹிக்ஸ், மல்க்ரூ மில்லர், சைரஸ் செஸ்ட்நட். பாடகியாக நின்று ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார்.

டெனர்க்காரி:
நடுத்தாளம் சொல்வது உண்மை, ஆனால் 'தாண்டி' என்று கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நான் டெனர் சாக்ஸ் வாசிக்கிறேன். ஜாம் செஷனில் (பலரும் வந்து கூடி வாசிக்கும் இடத்தில்) சாக்ஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே "நீங்கள் என்ன பாட்டு பாடப்போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவை அல்ல. என் சோலோ முறை வரும்போது டிரம்ஸ் சட்டென்று தணிந்துவிடும், அடிபட்டுவிடக் கூடாது என்பது போல. எனக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாம், முழு வேகத்தில் கூட வா என்றுதான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால்தான் பெண்கள் பேண்டுகள் வந்தன என்றும் சொல்வார்கள். ஆனால் இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் என்ற பெண்கள் பேண்டு போருக்கு முன்பே, 1937இலேயே மிசிசிப்பியில் ஒரு பள்ளியில் ஆரம்பித்தது. கறுப்பினப் பெண்களோடு மற்ற இனத்தவரும் இருந்த குழு, தென் மாநிலங்களில் போலீஸுக்குப் பயந்து வெள்ளைக்காரப் பெண்கள் முகத்துக்குக் கறுப்புப் பூச்சு பூசிக்கொண்டு வாசித்தார்கள், தங்குமிடம் கிடைக்காமல் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். டெனரில் வை பர்ன்சைட், டிரம்பெட்டில் டைனி டேவிஸ். வையின் சோலோவைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நாங்கள் எல்லோரும் பாட்டு கற்றுக்கொண்ட இசைக்குறிப்புப் புத்தகங்களில் பெண்கள் எழுதியவை அபூர்வம். டிரம்மர் டெரி லின் கேரிங்டன் 2022இல் பெண்கள் எழுதிய 101 பாட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். நான் ஜாம் போகும்போது அதையும் பையில் வைத்திருப்பேன், யாராவது "அடுத்து என்ன?" என்றால் எடுத்து நீட்டுவேன்.

இரவுவானொலி:
எல்லோருக்கும் நன்றி. 'தாண்டி' விஷயத்தில் நடுத்தாளம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' ஆறு தடவை கேட்டேன், நான்காவது தடவையில்தான் அந்த டிரம்பெட் தனியாகக் காதில் விழுந்தது, மாங்க் சொற்றொடர் வந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். நண்பருக்கு லில் விவரத்தை அனுப்பினேன், "1925 பேண்டு அவளுடையதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இன்று ராத்திரி மெல்பாவின் 1958 தட்டு. டெனர்க்காரி, அந்த 101இல் நீங்கள் அதிகம் வாசிப்பது எது?