மஞ்சளாக இருந்தால் பெர்பெரினா? மரமஞ்சள் காலஸ் பற்றி

நுணுக்குக்காட்டி:
‘மஞ்சள்கொடி’ நேற்றுப் போட்ட பதிவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மரமஞ்சளின், அதாவது வெனிவெலின், இளம் இலைக்காம்பை ஊட்ட ஊடகத்தில் வைத்துக் காலஸ் என்கிற உருவற்ற இழையக் கட்டி எடுத்தாராம். கட்டி கடும் மஞ்சளாம். ஆகவே அந்தக் கொடியின் மஞ்சள் மருந்துப்பொருளான பெர்பெரின் உற்பத்தி வெற்றியாம், இனி இலங்கையின் ஈரவலயக் காட்டில் ஒரு கொடியும் வெட்டத் தேவையில்லையாம். பதிவு முழுக்கத் தேடினேன், ஒரு மில்லிகிராம் கணக்கு இல்லை. பால்மட்டீனும் மஞ்சள், ஜட்ரோரைசினும் மஞ்சள், இரண்டும் அதே கொடியில் இருப்பவை. கரோட்டினொயிட்டும் மஞ்சள். பீனோல்கள் ஒட்சியேறத் தொடங்கிய கிழட்டுக் காலஸும் முதலில் மஞ்சளித்துத்தான் மண்ணிறமாகும். நிறத்தைப் பார்த்து மருந்தை அளக்கலாம் என்று யார் சொன்னது?

மஞ்சள்கொடி:
அண்ணை, வாசிச்சிட்டுக் கதையுங்கோ. நிறத்தைப் பாத்துத் தெரியிறது நான் கண்டுபிடிச்ச வேலையில்லை. 1980களில ஜப்பானில கொப்டிஸ் ஜபோனிக்கா எண்ட மூலிகைச் செடியின்ர கலங்களை அப்பிடித்தான் தெரிஞ்சவை. காலஸைச் சின்னத் துண்டுகளாப் பிரிச்சு, கூட மஞ்சளான துண்டை மட்டும் அடுத்த தட்டுக்கு மாத்தி, அதையே திருப்பித் திருப்பிச் செய்துதான் கூடப் பெர்பெரின் தாற கலவரிசையை எடுத்தவை. தோட்டத்தில அந்தச் செடி வெட்டிற பருவத்துக்கு வர அஞ்சாறு வருசம் எடுக்கும். நிறம் பிழையான வழி எண்டால் அந்த வேலை முழுக்கப் பிழையோ?

நுணுக்குக்காட்டி:
பாதியை மட்டும் வாசித்திருக்கிறீர்கள். அவர்கள் நிறத்தால் தெரிந்தார்கள், பிறகு அளந்தார்கள். நீங்கள் தெரிந்ததோடு நிறுத்திவிட்டு ‘உற்பத்தி’ என்று எழுதுகிறீர்கள்.

அளப்பது ஒன்றும் மலையைப் பிளக்கிற வேலை அல்ல. காலஸை 45 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்துங்கள். அரைத்து, 100 பங்கு மெதனோலுக்கு 1 பங்கு ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்த கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு வடியுங்கள். சிலிக்காத் தகட்டில் அந்தச் சாற்றின் பக்கத்தில் தூய பெர்பெரினையும் ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் நியமம். என்-பியூட்டனோல், அசற்றிக் அமிலம், நீர் 7:1:2 என்ற அளவில் ஓடவிட்டு, 366 நனோமீற்றர் புறஊதா விளக்கின் கீழ் பிடியுங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும் புள்ளி, நியமப் புள்ளியின் அதே உயரத்தில் நிற்க வேண்டும். அதுகூட ‘இருக்கிறது’ என்பதற்குத்தான் சாட்சி. ‘எவ்வளவு’ என்பதற்குக் கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி வேண்டும்.

366இல் பார்த்தீர்களா, இல்லையா?

ஆய்வுகூடம்7:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்த எண் வந்தாலும் அது ஈரநிறைக்கா, உலர்நிறைக்கா? காலஸில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். அதைச் சொல்லாமல் ‘கிராமுக்கு இவ்வளவு’ என்று போட்டால் பத்து மடங்கு, இருபது மடங்கு பிழைக்கும்.

கபோஸ்லேன்:
மரமஞ்சள் மரமஞ்சள் எண்டு அடிபடுறீங்களே, எந்த மரமஞ்சள்? இந்தியப் பக்கம் அந்தப் பேரில பெர்பெரிஸ் அரிஸ்டாட்டாவும் ஓடுது. அது முள்ளுப் பத்தை. இங்க கொத்தமல்லியோடயும் பற்படாகத்தோடயும் அவிக்கிறது கொசினியம் பெனஸ்ட்ராட்டம், கொடி. வெட்டுமுகத்தில சக்கர ஆரை மாதிரிக் கோடு தெரியும். முதல்ல அதைச் சொல்லுங்க.

மஞ்சள்கொடி:
கொசினியம்தான். பதிவில முதல் வரியிலயே இருக்கு. ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கினம்.

தெஹிவளை நானா:
ஊடகம் என்ன போட்டீங்க தம்பி? கிருமி எப்பிடி நீக்கினீங்க? கொடியில நம்மளுக்கு அதுதானே பெரிய தலையிடி.

மஞ்சள்கொடி:
எம்.எஸ். நானா, வழமையான முராஷிகே-ஸ்கூக் உப்புக் கலவை. லீற்றருக்குச் சுக்குரோஸ் 30 கிராம், ஏகார் 8 கிராம், வளர்ச்சி ஓமோன்களா 2,4-டி 2 மில்லிகிராம், கைனெட்டின் 0.5. பி.எச். 5.8, ஓட்டோகிளேவில 121 பாகை, 20 நிமிசம். பிறகு 25 பாகையில இருட்டு. காம்பை ஓடுற தண்ணியில அரை மணித்தியாலம், 70 வீத எதனோலில 30 செக்கன், கடைசியா 0.1 வீத மேர்கூரிக் குளோரைட்டில 5 நிமிசம்.

ஆய்வுகூடம்7:
மேர்கூரிக் குளோரைட்டா! இந்தக் காலத்திலும் இரச நஞ்சா? கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? தொட்டியில் ஊற்றினால் அது வெள்ளவத்தைக் கால்வாய்க்கும் கடலுக்கும்தான் போகும். 20 வீதக் குளொரொக்ஸ் வெளிற்றுத் திரவத்தில் சவர்க்காரம் போன்ற ட்வீன்-20 இரண்டு துளி விட்டு 15 நிமிடம் ஆட்டி, கிருமிநீக்கிய நீரில் நான்கு தரம் அலசினால் இளங்காம்புக்குப் போதும்.

மஞ்சள்கொடி:
குளொரொக்ஸில கொடியின்ர பூஞ்சணம் போகாது. செய்து பாத்த ஆக்களைக் கேளுங்கோ.

ஆய்வுகூடம்7:
எந்தப் பூஞ்சணம்? மூன்றாம் நாள் பஞ்சுபோல எழும்புவது மேற்பரப்பில் இருந்தது, அதைக் குளொரொக்ஸ் கொல்லும். இரண்டு கிழமை கழித்துத் துண்டின் அடியில் ஏகாருக்குள் பால்போலப் படர்வது இழையத்துக்குள்ளேயே குடியிருந்த பக்டீரியா. அதற்கு உங்கள் இரசமும் எட்டாது. இளசாக வெட்டுவதுதான் வழி.

தெஹிவளை நானா:
கறுத்துப் போறதுக்கு என்ன செய்றது? வெட்டின இடம் ரெண்டு நாள்ல தார் மாதிரி ஆகுது.

நுணுக்குக்காட்டி:
வெட்டிய கலங்களிலிருந்து கசியும் பீனோல்கள்தான். வெட்டிய உடனேயே லீற்றருக்கு 100 மில்லிகிராம் அஸ்கோபிக் அமிலக் கரைசலில் போடுங்கள். முதல் மாதம் பத்து நாளுக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். சிலர் உயிர்ப்பூட்டிய கரி போடச் சொல்வார்கள், காலஸுக்குப் போடாதீர்கள். கரி பீனோலோடு சேர்த்து 2,4-டியையும் உறிஞ்சிவிடும், பிறகு கட்டியே வராது.

இதையும் கவனியுங்கள்: அந்த மண்ணிறம் தொடங்கும்போது மஞ்சளாகத்தான் தெரியும். திரும்பவும் கேட்கிறேன், 366இல் பார்த்தீர்களா?

சென்னைத்தாவரம்:
திசு வளர்ப்பில் மூலிகை வேதிப்பொருள் கிடைக்காது என்பதுபோல நுணுக்குக்காட்டி பேசுவது சரியில்லை. புற்றுநோய் மருந்தான பாக்ளிடாக்சலை ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரையான கலன்களில் யூ மரச் செல்களிலிருந்து எடுக்கிறார்கள்.

நுணுக்குக்காட்டி:
கிடைக்காது என்று எங்கே சொன்னேன்? வரியைக் காட்டுங்கள். இங்கே அது இழைய வளர்ப்பு, செல் அல்ல கலம்.

சென்னைத்தாவரம்:
சொல்லைத் திருத்த வந்துவிட்டீர்கள். இழையம் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது.

கபோஸ்லேன்:
இங்க பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

நுணுக்குக்காட்டி:
போன மாதம் கற்றாழை பற்றிய விவாத இழையிலும் சென்னைத்தாவரம் இப்படித்தான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினார். மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1983இல் மிற்சுயி பெற்றோகெமிக்கல் நிறுவனம் சிகோனின் என்ற வேர்ச் சாயத்தைக் கலவளர்ப்பில் எடுத்து விற்றபோது ஒரே ஊடகத்தில் எடுக்கவில்லை. முதல் ஊடகத்தில் கலத்தைப் பெருக்கினார்கள். இரண்டாவதற்கு மாற்றித்தான் சிகோனின் எடுத்தார்கள், அதில் அமோனியம் இல்லை, நைத்திரேற்று மட்டும். அமோனியம் இருந்தால் சிகோனின் நின்றுவிடும், 2,4-டியும் அதை அடக்கும். எம்.எஸ். ஊடகத்தில் அமோனியம் தாராளம், அதற்கு மேல் 2 மில்லிகிராம் 2,4-டி. மஞ்சள்கொடி வைத்திருப்பது கலம் பெருகுகிற ஊடகம். அதில் நிற்கிற கட்டியைக் காட்டி உற்பத்தி என்கிறார்.

மஞ்சள்கொடி:
நல்ல உதாரணம் எடுத்தீங்கள். சிகோனின் சிவப்பு! கலம் சிவந்தாச் சிகோனின் எண்டு கண்ணாலதான் கண்டவை. அப்ப அங்க நிறம் சரி, இங்க நிறம் பிழையோ?

நுணுக்குக்காட்டி:
அங்கே சிவப்பை அளவாக யாரும் எழுதவில்லை. எத்தனை தரம் சொல்வது?

தெஹிவளை நானா:
மெதைல் ஜஸ்மொனேற்னு ஒரு தூண்டி, அதப் போட்டா விளைச்சல் கூடும்னு சொல்றாங்களே?

ஆய்வுகூடம்7:
பல இனங்களில் கூடும். ஆனால் முதல் நாளே போட்டால் வளர்ச்சி படுத்துவிடும். திரவ வளர்ப்பில், 250 மில்லிலீற்றர் குடுவையில் 50 மில்லி ஊடகம், நிமிடத்துக்கு 110 சுற்றில் ஆட்டி, வளர்ச்சி உச்சத்தைத் தொடப்போகிற நேரத்தில் 100 மைக்குரோமோலர் அளவில் போட வேண்டும். எதனோலில் கரைத்துப் போடுவதால், எதனோல் மட்டும் விட்ட குடுவையும் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களில் யாரும் ஈரநிறை, உலர்நிறைக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

நுணுக்குக்காட்டி:
பெர்பெரின் எங்கே நிற்கிறது என்பதையாவது பாருங்கள். கொப்டிஸ் கலம் அதைத் தனக்குள் பை போல இருக்கும் புன்வெற்றிடத்தில் சேர்த்து வைக்கும். தலிக்ட்ரம் மைனஸ் செடியின் கலம் ஊடகத்துக்குள் வெளிவிடும். மஞ்சள்கொடியின் போத்தலில் ஏகாரும் மஞ்சளா, கட்டி மட்டுமா? ஏகாரையும் ஒரு துண்டு வெட்டி மெதனோலில் போட்டுத் தகட்டில் ஏற்றுங்கள். பால்மட்டீனும் ஜட்ரோரைசினும் அதே விளக்கில் மஞ்சளாகத்தான் ஒளிரும், ஆகையால் மூன்று நியமமும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மஞ்சள்கொடி:
எல்லாரும் பாருங்கோ. முதல்ல 366 விளக்குக் கேட்டார். இப்ப விளக்கும் காணாதாம், மூண்டு நியமம் வேணுமாம். நாளைக்கு வேற ஒண்டு கேப்பார். கொப்டிஸ் ஆக்கள் நிறத்தாலதான் தெரிஞ்சவை, அதுக்கு இன்னும் பதில் வரேல்லை.

நுணுக்குக்காட்டி:
பதில் என் இரண்டாவது பதிவிலேயே இருக்கிறது. மேலே போய் வாசியுங்கள். 366?

ஆய்வுகூடம்7:
ஈரநிறையா, உலர்நிறையா?