மறு: இலவசக் கருவி கட்டணக் கருவியாவதைக் குறிக்க ஒரு சொல் – ‘உரிம இறுக்கம்’

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

இலவசமாகக் கிடைத்துவந்த மென்பொருளின் உரிமத்தை அதன் நிறுவனம் மாற்றிக் கட்டணமோ கட்டுப்பாடோ விதிப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பத்து நாட்களாக நடந்துவரும் இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு முதலிலிருந்து ஒருசேரப் படித்தேன். ‘கட்டணமாக்கம்’, ‘விலைப்படுத்தல்’, ‘கம்பளம் உருவல்’, நான் எழுதிய ‘தடமறிப்பு’ ஆகிய நான்கு சொற்கள் இப்போது நம் முன் இருக்கின்றன. என் சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன், இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாகத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுவது முறை.

சேலத்தில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி போனது, கொலுசாக எத்தனை கிராம் திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதுதான் அதன் வேலை. ரசீது அச்சிடும் பகுதிக்கு நாங்கள் பல ஆண்டுகளாக நம்பியிருந்த ஒரு மென்பொருள் நூலகத்தின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) புதிய பதிப்பு வேறு உரிமத்துக்கு மாறியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலை, எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் திரையைக் காட்டி, “அண்ணா, பில்டு ஓடிடுச்சுங்க, ஆனா லைசன்ஸ் கீ வேணும்னு மஞ்சள்ல ஒரு வரி வருதுங்க” என்றான். அன்றைக்குப் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைத்துச் சமாளித்தோம். ஆண்டுப் பராமரிப்புத் தொகையை உயர்த்த வேண்டி வந்தபோது, வாடிக்கையாளர்களுக்கு நான் எழுதிய கடிதத்தில் ‘உரிம மாற்றம் காரணமாக’ என்று குறிப்பிட்டேன். மறுநாளே ஒரு பட்டறைக்காரர் தொலைபேசியில் அழைத்து, “ஏங்க தம்பி, மாநகராட்சி லைசன்ஸ மாத்திட்டாங்களா? போன மாசம்தான புதுப்பிச்சேன்” என்று பதறிப்போய்க் கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. குற்றம் அவர்மீது இல்லை. எதன் உரிமம் என்று நான் எழுதவில்லை. ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கோ திசையே கிடையாது. நல்லதற்கு மாறினாலும் மாற்றம்தான், கெட்டதற்கு மாறினாலும் மாற்றம்தான்.

இனி, முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> காசு கேட்கிறார்கள் என்பதுதானே விஷயம்? ‘கட்டணமாக்கம்’ என்றே வைத்துவிடலாமே.

சில நிகழ்வுகளுக்கு இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. உருவாக்குநர்கள் தங்கள் கணினியில் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் என்ற கருவிக்கு 2021 ஆகஸ்ட் 31 அன்று அறிவித்ததை எடுத்துக்கொள்வோம். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற, அல்லது ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டுகிற நிறுவனங்கள் இனிச் சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கருவி முன்பும் கட்டற்ற மென்பொருளாக, அதாவது யாரும் இயக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ளதாக, இருந்ததில்லை. காசில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் டாக்கர் எஞ்சின் இன்றும் திறந்த மூலமாகவே இருக்கிறது. ஆகவே அங்கே போனது இலவசம் மட்டுமே. அதைக் கட்டணமாக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 10 அன்று வழங்கிகளை நிர்வகிக்கும் கருவியான டெர்ராஃபார்மை மொஸில்லா பொது உரிமம் என்ற கட்டற்ற உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸ் 1.1 என்ற கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியபோது நடந்தது வேறு. தன் நிறுவனத்தின் சொந்த வழங்கிகளை நிர்வகிக்க டெர்ராஃபார்மைப் பயன்படுத்துகிற என் நண்பர் அதன் பிறகும் ஒரு பைசா கொடுக்கவில்லை. மூல நிரலும் முன்போலவே எல்லாருடைய பார்வைக்கும் கிடைக்கிறது. ஹாஷிகார்ப்புக்குப் போட்டியாக அதை வைத்து ஒரு சேவை நடத்தும் உரிமைதான் பறிபோனது. தரவைச் சேமிக்கவும் தேடவும் உதவும் மென்பொருள்களில் 2018 அக்டோபரில் மோங்கோடிபி, 2021-இல் எலாஸ்டிக்சர்ச், 2024 மார்ச்சில் ரெடிஸ் என்று தொடர்ந்த மாற்றங்களும் இதே வகைதான். நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று வேறுபடலாம். ஆனால் எந்த நோக்கத்துக்காகவும் இயக்கிக்கொள்ளலாம் என்ற முதல் சுதந்திரம் இவை எல்லாவற்றிலும் அடிபட்டது. இதைக் ‘கட்டணமாக்கம்’ என்று எழுதினால், செய்தியைப் படிக்கிறவர் தன் பணப்பையைத்தான் தொட்டுப் பார்ப்பார். கையைவிட்டுப் போன உரிமை அவர் கண்ணில் படாது. ‘இலவசம்’, ‘கட்டற்ற’ என்று இரண்டு பொருளுக்கும் இரண்டு தனிச்சொற்களைத் தமிழில் நாம் பாடுபட்டு நிலைநிறுத்தியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வாய்த்த இந்தத் தெளிவை ஒரு புதிய கலைச்சொல்லால் நாமே குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ‘விலைப்படுத்தல்’ என்பதற்கும் இதே மறுப்பு பொருந்தும்.

‘கம்பளம் உருவல்’, நம்பி நிற்பவரைக் கவிழ்ப்பதைச் சொல்லும் ‘rug pull’ என்ற ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்தது. கால் வழுக்கும் கம்பளத்தின்மேல் நம் வீடுகளில் யாரும் நிற்பதில்லை. அந்தக் கோபத்தைச் சொல்ல ‘காலை வாரிவிட்டார்கள்’ என்று நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது. அதை எழுதும் உரிமை யாருக்காவது உண்டு என்றால், கூலி வாங்காமல் இரவு கண்விழித்து அந்தக் கருவிகளில் பிழை திருத்தியவர்களுக்கு நிச்சயம் உண்டு. நானும் அந்தக் கோபத்தில் பங்குடையவன்தான். இருந்தாலும் கலைச்சொல் அகராதியில் ஏறும் சொல் தீர்ப்பாக இருக்கக் கூடாது. உரிமத்தை மாற்றிய நிறுவனம் தன் அறிவிப்பைத் தமிழில் வெளியிட்டால் அதுவும் அந்தச் சொல்லைக் கூசாமல் எழுத முடிய வேண்டும். அதைக் கண்டித்து எழுதுபவரும் அதே சொல்லால் கண்டிக்க முடிய வேண்டும். பெரிய மேகக்கணிமை நிறுவனங்கள் தங்கள் உழைப்பை எடுத்து விற்று லாபம் பார்க்கின்றன என்று இந்த நிறுவனங்கள் சொல்லும் காரணத்தையும் முழுக்கப் பொய் என்று தள்ள முடியவில்லை.

அடுத்தது என்னுடைய ‘தடமறிப்பு’. அது எங்கள் பக்கத்துப் பத்திர மொழியிலிருந்து வந்த சொல். சேர்வராயன் மலையடிவாரத்தில், குப்பனூர்ப் பக்கம் என் தாய்மாமனுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே போய்வர அடுத்தவர் வரப்பை ஒட்டிய ஒரு வண்டித்தடம்தான் வழி. அதை ‘மாமூல் வண்டித்தட பாத்தியம்’ என்று பத்திரத்திலேயே எழுதியிருப்பார்கள். அடுத்த நிலம் கைமாறியது; வாங்கியவர் தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். மாமா அந்தக் கம்பிக்கு முன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி, உரிம மாற்றச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். அதனால்தான் அந்தச் சொல்லைத் தந்தேன். ஆனால் ஏற்காட்டிலிருந்து எழுதும் நண்பர் சுட்டிக்காட்டிய குறை நியாயமானது.

> மாமாவின் தடம் முழுவதும் அடைபட்டது. இங்கே பழைய பதிப்பு வரை வந்த தடம் திறந்தேதான் இருக்கிறது. அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. இனி வெட்டப்போகும் தடத்துக்குத்தான் வேலி.

ஒத்துக்கொள்கிறேன். டெர்ராஃபார்ம் 1.5 இன்றும் மொஸில்லா உரிமத்தில் இருக்கிறது. அதிலிருந்துதான் ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் முளைத்தது. ரெடிஸ் 7.2.4 இன்றும் பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. அதிலிருந்துதான் வால்கீ என்ற தனித் திட்டம் முளைத்தது. கொடுத்ததைத் திரும்பப் பறிக்க முடியாது என்பதே கட்டற்ற உரிமங்களின் உயிர்நாடி. அதை மறைக்கும் சொல்லை, அது எவ்வளவு மண்வாசனையோடு இருந்தாலும், வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆகவே ‘உரிம இறுக்கம்’ என்பதை முன்மொழிகிறேன்.

நான் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். பாவு தளர்ந்திருந்தால் துணி தொய்யும், அளவுக்கு மீறி இறுகினால் இழை அறும் என்று அப்பா விரல் நுனியால் பாவைத் தட்டிப் பார்த்தபடி சொல்வார். இருப்பது அதே இழைதான், அதன் இழுப்புதான் கூடுகிறது, குறைகிறது. உரிமத்துக்கும் இதுவே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். நிரல் அதேதான், அதன்மேல் கட்டியிருக்கும் கட்டுத்தான் இறுகுகிறது. ‘கட்டற்ற’ என்பதில் உள்ள அதே கட்டு.

இலக்கணமும் இந்தச் சொல்லுக்குத் துணையாக நிற்கிறது. ‘உரிமம் இறுகியது’ என்று தன்வினையாகவும், ‘நிறுவனம் உரிமத்தை இறுக்கியது’ என்று பிறவினையாகவும் எழுதலாம். யார் செய்தது என்பதைச் சொல்லவும் சொல்லாமல் விடவும் தமிழே வழி வைத்திருக்கிறது. ‘இறுக்கத்துக்கு முந்தைய பதிப்பு’ என்றால் ரெடிஸ் 7.2.4 போன்றதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கிவிடும். ‘இந்தத் திட்டத்தின் உரிமம் இறுகக்கூடியதா’ என்று முன்கூட்டியே கேட்கவும் முடியும். நிரல் எழுதித் தருபவர்கள் கையெழுத்திடும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தின் மூலம் எல்லா நிரலுக்கும் உரிமம் மாற்றும் அதிகாரம் ஒரே நிறுவனத்தின் கையில் சேர்ந்திருந்தால் இறுகக்கூடியது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவைப் போலப் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடந்தால், எவரும் தனியாக இறுக்க முடியாது.

எதிர்ச்சொல்லும் ஆயத்தமாக இருக்கிறது. 2020-இல் ஊரடங்குத் தளர்வு என்ற சொல்லைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை. எலாஸ்டிக்சர்ச்சை வெளியிடும் எலாஸ்டிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது; ரெடிஸ் 2025 மே மாதம் வெளியிட்ட 8-ஆம் பதிப்பில் அதையே செய்தது. இவற்றை ‘உரிமத் தளர்வு’ எனலாம். பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸில் ஒவ்வொரு பதிப்பும் அதிகபட்சம் 4 ஆண்டுகளில் திறந்த மூல உரிமத்துக்கு மாறிவிடும் என்ற விதி உண்டு அல்லவா? அதைத் ‘தானே தளரும் உரிமம்’ என்று ஒரு தொடரில் சொல்லிவிடலாம். இந்த மூன்றாவது பயன் கிடைத்தபோதுதான் இந்தச் சொல்மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பையும் நானே எழுதிவிடுகிறேன். ஜிபிஎல் போன்ற உரிமங்களையே இறுக்கமானவை என்றும், பிஎஸ்டி போன்றவற்றைத் தளர்வானவை என்றும் நம்மில் பலர் பேசிவருகிறோம். அப்படியானால் 2021 ஏப்ரலில் கிராஃபானா என்ற கண்காணிப்புக் கருவி அப்பாச்சி என்ற கட்டற்ற உரிமத்திலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாறியதும் உரிம இறுக்கமா? அது கட்டற்ற வட்டத்துக்குள்ளேயே நடந்த மாற்றம். நிரலை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் சுதந்திரம் அதில் குறையவில்லை. மோங்கோடிபி ஏஜிபிஎல்லிலிருந்து எஸ்எஸ்பிஎல் என்று தானே எழுதிய உரிமத்துக்குப் போனது வட்டத்தைத் தாண்டி. எது திறந்த மூல உரிமம் என்று ஏற்பளிக்கும் அமைப்பான திறந்த மூல முனைப்பகம் அந்த உரிமத்தை ஏற்கவில்லை. எனவே வரையறையில், ‘கட்டற்ற உரிமத்திலிருந்து கட்டற்றதல்லாத உரிமத்துக்கு மாறுவது மட்டும்’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஜிபிஎல் வகையை இனி இறுக்கமான உரிமம் என்று சொல்லாமல், ‘பகிர்வு கோரும் உரிமம்’ என்று சொல்லப் பழகுவதும் நல்லது. அந்த உரிமம் யாரையும் பயன்படுத்த விடாமல் தடுக்கவில்லை. மாற்றிய நிரலைப் பிறருக்குக் கொடுத்தால், அதே சுதந்திரங்களோடு கொடு என்றுதான் கேட்கிறது. இந்த இடத்தில் என் முன்மொழிவு பலவீனமானது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உரிமம் இறுகியதும் உருவாக்குநர்கள் பழைய பதிப்பின் நிரலை எடுத்துத் தனித் திட்டம் தொடங்குவதற்கும் (ஆங்கிலத்தில் fork) ஒரு சொல் வேண்டும். டெர்ராஃபார்ம் அறிவிப்பு வந்த ஆறே வாரங்களில் ஓப்பன்டோஃபு லினக்ஸ் அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. வால்கீக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. இதைக் ‘கிளை’ என்று எழுத முடியாது. ஒரே திட்டத்தின் நிரல் களஞ்சியத்துக்குள் பிரியும் உட்கிளைக்கு (branch) அந்தச் சொல் போய்விட்டது. ‘பாகப்பிரிவினை’ என்று தமிழாசிரியர் ஐயா எழுதியதை ரசித்தேன். ஆனால் பாகம் பிரித்தால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும், இங்கே இருவருக்கும் முழுச் சொத்தும் கிடைக்கிறது. ‘கவை’ என்ற சொல்லைச் சிலர் ஏற்கெனவே புழங்குகிறார்கள். எனக்கோ ‘பதியம்’ பிடித்திருக்கிறது. தாய்ச்செடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, அது தன் வேரை விட்டபின் வெட்டிப் பிரித்தால், தாயும் முழுச் செடி, பதியமும் முழுச் செடி. ‘வால்கீ, ரெடிஸின் பதியம்’ என்று எழுதிப் பார்த்தேன்; விளக்கம் கேட்காமலே எங்கள் அலுவலகத்தில் புரிந்துகொண்டார்கள்.

பட்டறைக்காரருக்கான கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘ரசீது அச்சிட நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் நூலகத்தின் உரிமத்தை அதன் உரிமையாளர் இறுக்கிவிட்டார். பழைய பதிப்பு தொடர்ந்து இயங்கும். புதிய பதிப்புக்கு மட்டும் இனிக் கட்டணம் உண்டு.’ மூன்று வரிதான். இந்த முறை அவர் மாநகராட்சியைப் பற்றிக் கேட்கவில்லை. பழைய பதிப்பு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான்.

மறுப்பு இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ‘உரிம இறுக்கம்’, ‘உரிமத் தளர்வு’ இரண்டையும் மேற்சொன்ன வரையறையோடு நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். ‘பதியம்’ அவசரமில்லை. ஏற்காட்டு நண்பர் நாற்றங்கால் வைத்திருப்பவர்களிடம் ஒரு முறை கேட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும்: அங்கே ‘பதியம்’ என்பது செய்முறைக்கு மட்டும் வழங்குகிறதா, பிரித்தெடுத்த செடியையும் அப்படியே அழைக்கிறார்களா?

அன்புடன்,
அம்மாபேட்டை, சேலத்திலிருந்து